பதறும் நெஞ்சுக்குத் தொலைவிலிருந்து ஒரு பாடம்



இருபது ஆண்டுகளாகச் சிறார்களுக்கு ஓதிக் கொடுத்து வருகின்ற நான், என் சொந்த வாழ்வைப் பற்றி எழுதப் பேனா எடுத்ததில்லை. இம்முறை எடுப்பதற்குக் காரணம் உண்டு. நான் அனுபவித்த துன்பத்தையே அனுபவித்துக்கொண்டு, வாய் திறவாமல் வாடும் சகோதர சகோதரிகள் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களுள் ஒருவருக்கேனும் இக்கட்டுரை பயன்படுமாயின் அதுவே எனக்குப் போதும்.

2024ஆம் ஆண்டு எங்கள் கள்ளக்குறிச்சிக்குத் துயரம் மிகுந்த ஆண்டு. அவ்வாண்டு ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவசர ஊர்திகளின் ஓலம் இரவு பகலாக நகரைக் கிழித்தது. அடுத்த மாதமே என் அத்தா வஃபாத்தானார்கள். குடும்பப் பொறுப்புகள் அனைத்தும் என் தோளில் ஏறின. நான் எதையும் வெளிக்காட்டிக் கொள்ளாமல் மதரஸாவிற்குச் சென்று வந்தேன்.

செப்டம்பர் மாதத்தில் ஓரிரவு. பள்ளிவாசல் இமாம் வெளியூர் சென்றிருந்தமையால் இஷா தொழுகையை நான் நடத்தினேன். மூன்றாவது ரக்அத்தில் ருகூவிலிருந்து நிமிர்ந்தபோது திடீரென நெஞ்சு படபடத்தது. மூச்சு அடைத்தது. விரல் நுனிகள் மரத்தன. உடலெங்கும் வியர்த்தது. ‘மவ்த்து வந்துவிட்டது’ என்ற ஒரே எண்ணம் என்னைப் பற்றிக்கொண்டது. பின்னால் நின்ற பெரியவரின் கையைப் பற்றி முன்னே நிறுத்திவிட்டு, சுவரைப் பிடித்தவாறு வெளியேறினேன்.

மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தார்கள். இரத்தமும் பரிசோதித்தார்கள். இதயத்தில் எந்தக் குறையுமில்லை என்றார்கள். “வாயுத் தொல்லையாக இருக்கும், போய் வாருங்கள்” என்றும் கூறி அனுப்பினார்கள். பத்து நாள்கள் கழித்து மீண்டும் அதே படபடப்பு. அதன்பின் மேலும் இருமுறை. ஒவ்வொரு முறையும் மருத்துவமனை வாசல் வரை ஓடினேன். ஒவ்வொரு முறையும் குறையொன்றுமில்லை என்றே திரும்பினேன்.

அச்சம் வளர்த்த அச்சம்

அதன் பின்னர் நான் அஞ்சியது மரணத்திற்கன்று, அந்தப் படபடப்பு மீண்டும் வந்துவிடுமோ என்பதற்கே. முதல் ஸஃப்பில் நிற்பதை விட்டேன். கடைசி வரிசையில், கதவருகே நின்றேன். பேருந்தில் ஏறுவதை விட்டேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் மச்சான் வீட்டிற்குச் செல்வதையும் விட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போது மூச்சடைத்தால் யாரிடம் செல்வது? “அத்தா போன பிறகு அண்ணனும் என்னை மறந்துவிட்டார்” என்று தங்கை தன் கணவரிடம் கூறி அழுததாகக் கேள்விப்பட்டேன். அப்போதும் உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நாள் செல்லச் செல்ல வேறொரு நோய் ஓசையின்றி வந்து சேர்ந்தது. உறக்கம் குறைந்தது. உணவு கசந்தது. பிள்ளைகள் ஓதும் ஓசை எங்கோ தொலைவில் கேட்பதுபோலிருந்தது. கிதாபை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை அரைமணி நேரம் பார்த்திருப்பேன். நான் இருந்து யாருக்கு என்ன பயன் என்ற நினைப்பு அடிக்கடி தலைகாட்டத் தொடங்கியது. அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்குமாறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகின்றவனே இப்படி நடுங்கினால் என் ஈமான் என்னவாயிற்று என்ற கேள்வி என்னை இரவெல்லாம் அறுத்தது.

உறவினர் கண்ணேறு என்றனர். ஓதிப் பார்த்தனர். ஓதிய நீரைப் பருகினேன். அதனால் மனத்திற்குச் சற்று ஆறுதல் கிடைத்தது என்பதை மறுக்க மாட்டேன். துஆ முஃமினின் துணை. ஆயினும் கால் முறிந்தவனுக்கு ஓதிப் பார்த்ததோடு நாம் நிறுத்திக்கொள்வதில்லை. கட்டுப் போடவும் அழைத்துச் செல்கிறோம். மனம் முறிந்தால் மட்டும் ஏனோ அந்த இரண்டாவது வேலையை மறந்துவிடுகிறோம்.

பரண் காவலனும் நம் நெஞ்சமும்

மருத்துவர்கள் ‘பேனிக் டிஸார்டர்’ என்று கூறும் இந்நோயைத் தமிழில் பீதிநோய் எனலாம். காரணமின்றித் திடீரென எழும் பேரச்சம் சில நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டித் தானே தணிகிறது. நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல், நடுக்கம், தலைசுற்றல், கைகால் மரத்தல், செத்துவிடுவோம் அல்லது பித்துப் பிடித்துவிடும் என்ற எண்ணம் ஆகியவை அதன் அடையாளங்கள். இது மீண்டும் மீண்டும் வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலையிலேயே நாள்கள் கழியுமாயின் அது நோயாகிறது. இந்நோயாளிகளுள் பலரை மனச்சோர்வும் பற்றிக்கொள்கிறது.

கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளையும் காலத்தில் இரவில் பரண்மீது அமர்ந்து காவல் காப்பார்கள். காட்டுப்பன்றி வந்தால் தகரத்தைத் தட்டி ஊரை எழுப்ப வேண்டும். பயந்த சுபாவமுள்ள ஒருவனைப் பரணில் ஏற்றினால் என்னவாகும்? சருகு அசைந்தாலே தகரத்தைத் தட்டுவான். தன் தகர ஓசையைக் கேட்டுத் தானே மேலும் பயந்து இன்னும் வேகமாகத் தட்டுவான். பீதிநோயும் அவ்வாறே. ஆபத்தில் நம்மைக் காப்பதற்காக அல்லாஹ் நம் உடலில் அமைத்துள்ள காவல், ஆபத்தில்லாத வேளையில் ஒலிக்கிறது. அவ்வோசையையே நாம் ஆபத்தென்று நம்பிவிடுகிறோம்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் இதனை விளக்கி எழுதினார். மாடிப்படி ஏறினாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதற்கு நாம் அஞ்சுவதில்லை. அதே துடிப்பை மாரடைப்பு என்று எண்ணும்போது அச்சம் எழுகிறது. அச்சம் துடிப்பை மிகுவிக்கிறது. மிகுந்த துடிப்பு அச்சத்தை உறுதிப்படுத்துகிறது. இந்தச் சுழலை அறுக்கும் பயிற்சியே இந்நோய்க்கான பேச்சுச் சிகிச்சையின் உயிர்நாடி.

இது மேலை நாட்டார் மட்டுமே கண்டதன்று. ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ அவர்கள், உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒன்றாக வைத்து ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலை இயற்றினார்கள். அச்சம், துக்கம், கோபம், மனத்தை அரிக்கும் வீண் எண்ணங்கள் ஆகியவற்றை உள்ளத்தின் நோய்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். திடீர் நோய்க்கென்று வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்து அந்நூலில் காணப்படுகிறது. பல்லாண்டு கிதாப் ஓதியும் இது என் கவனத்திற்கு வராமற்போனதை எண்ணி வெட்கினேன்.

நள்ளிரவில் ஓர் அழைப்பு

2025 ஜனவரி மாதம். சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருந்த ஓர் எண்ணை என் துணைவியார் ஒரு துண்டுத்தாளில் குறித்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் கிதாபினுள் வைத்துவிட்டார். அந்த எண் 14416.

மனநலத்திற்கான இத்தொலைபேசிச் சேவையை ‘டெலி மானஸ்’ என்ற பெயரில் இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் அதற்கு வழிகாட்டுகிறது. தமிழ்நாட்டில் அதே மாதம் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இச்சேவை தொடங்கப்பட்டது. கட்டணமில்லை. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசலாம். 2024 அக்டோபருக்குள் நாடெங்குமிருந்து வந்த அழைப்புகள் 10 இலட்சத்தைக் கடந்துவிட்டன. நான் ஒருவன் மட்டும் தவிக்கவில்லை என்று எனக்கு உணர்த்திய கணக்கு அது.

இரவு பதினொரு மணிக்கு மாடியில் பனியில் நின்று அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண்மணியின் நிதானமான குரல். பெயர் சொல்லத் தயங்கினேன், அவர் வற்புறுத்தவில்லை. நான்கு மாதங்களாக யாரிடமும் சொல்லாததை முன்பின் அறியாத ஒருவரிடம் இருபது நிமிடங்களில் சொல்லி முடித்தேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று அவர் நேரடியாகவே கேட்டார். ஒருவர் என்னிடம் அதைக் கேட்டதே எனக்குப் பெரும் இறக்கி வைப்பாக இருந்தது. மனநல மருத்துவரை ஒருமுறை நேரில் காணுமாறு அறிவுறுத்தினார்.

மருத்துவர் தைராய்டு, இரத்தசோகை முதலியவற்றை மீண்டும் பரிசோதித்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்றும், நடுவில் நாமாக நிறுத்தலாகாது என்றும் எச்சரித்தார். பேச்சுச் சிகிச்சை அளிக்க, சென்னையில் இருந்த மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் காணொளி வழியாக வாரம் ஒருமுறை பேச ஏற்பாடாயிற்று.

திரையில் வந்த ஆசிரியர்

திரையில் பேசி நோய் தீருமா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர் கார்ல்பிரிங் முதலானோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பீதிநோயுள்ள 49 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நேரிலும், மறு பிரிவினருக்கு இணையம் வழியாகப் பத்துப் பாடங்களாகவும் சிகிச்சை அளித்தனர். இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றனர். பீதி தணியும்போது உடன்வந்த மனச்சோர்வும் பெரும்பாலும் தணிகிறது என்பதையும் இத்தகைய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் பாடத்தை மட்டும் அனுப்பிவிட்டு விட்டுவிட்டால் பலர் பாதியிலேயே நின்றுவிடுகின்றனர். வழிநடத்த ஒரு மனிதர் மறுமுனையில் இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. மனநல மருத்துவர் சாரதா மேனன் அவர்கள் 1984இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அப்பேருந்தினுள் நோயாளி அமர்வார். திரையில் சென்னை மருத்துவர் பேசுவார். 2020இல் மருத்துவர்கள் தொலைவிலிருந்து சிகிச்சை அளிப்பதற்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. கொரோனா காலம் இம்முறையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று விளங்கிற்று. அவர் எனக்கு ஆறுதல் கூறவில்லை, பாடம் நடத்தினார். வீட்டுப்பாடம் கொடுத்தார். மறுவாரம் கேட்டார். செய்யாமல் வந்தால் ஏன் செய்யவில்லை என்றார். இருபதாண்டு ஆசிரியனாகிய நான் மீண்டும் மாணவனானேன்.

ஒரு குறிப்பேட்டில் எப்போது படபடத்தது, அப்போது என்ன நினைத்தேன், உண்மையில் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார். மூன்று வாரங்களில் பதினோரு முறை ‘செத்துவிடுவேன்’ என்று எழுதியிருந்தேன். பதினோரு முறையும் உயிரோடுதான் இருந்தேன். பின்னர் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொன்னார். மெல்லிய குழலால் மூச்சு விடச் சொன்னார். வேண்டுமென்றே வரவழைத்த படபடப்பு தானே அடங்குவதைக் கண்டபோது அதன் மீதிருந்த அச்சம் பாதி கழன்றது. இருதயக் கோளாறும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இப்பயிற்சிகளில் இறங்கலாகாது.

மனச்சோர்வுக்குத் தனிப் பாடம். மனம் விரும்பும் வரை காத்திராமல், நாளொன்றுக்கு ஒரு சிறு வேலையைக் குறித்த நேரத்தில் செய்ய வேண்டும். அஸருக்குப் பின் கால் மணி நேரம் நடப்பது, ஒரு பிள்ளைக்குத் தனியே பாடம் கேட்பது என்று தொடங்கினேன்.

பின்னர் நான் அஞ்சி ஒதுங்கியவற்றையெல்லாம் ஏணிப்படிபோல் வரிசைப்படுத்தினோம். ரமளான் வந்தது. மாத்திரையை நோன்பு திறந்தபின் உட்கொள்ளும்படி மருத்துவர் மாற்றித் தந்தார். தராவீஹின் முதல் இரவு கதவருகே கடைசி ஸஃப்பில் நின்றேன். சில இரவுகளுக்கு ஒரு வரிசை முன்னேறினேன். இடையில் இருமுறை நெஞ்சு படபடத்தது. வெளியேறாமல் நின்றேன், அது அடங்கிற்று. இருபத்தேழாம் இரவு முதல் ஸஃப்பில் இமாமுக்கு நேர்பின்னே நின்றேன். ஸஜ்தாவில் என் கண்கள் நனைந்திருந்ததை அல்லாஹ் அறிவான்.

அலைவரிசை எட்டாத வளைவு

ஏணியின் கடைசிப் படி வெள்ளிமலைப் பேருந்து. ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள், தங்கைக்குரிய குர்பானிப் பங்கை எடுத்துக்கொண்டு தனியே ஏறினேன். கச்சிராயபாளையம் கடந்தது. கோமுகி அணையும் பின்னே சென்றது. மலைப்பாதை தொடங்கிற்று. வளைவொன்றில் பேருந்து சாய்ந்து திரும்பியபோது பழைய படபடப்பு வந்தது. கை தானாகவே கைப்பேசியைத் தேடியது. உளவியலாளரை அழைக்க எண்ணினேன். கைப்பேசியில் அலைவரிசை இல்லை.

அப்போதுதான் இச்சிகிச்சையின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கிற்று. அவர் அங்கு இல்லை. அவர் கற்றுத் தந்தது இருந்தது. தகரம் ஒலிக்கிறது, பன்றி வரவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மூச்சைச் சீராக விட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை வேண்டுமென்றே எடுத்தேன். அச்சம் ஏறியது, நின்றது, இறங்கியது. வெள்ளிமலையில் நான் இறங்கியபோது தங்கை கடை வாசலுக்கே ஓடி வந்தாள்.

“என்ன அண்ணே, தனியாகவா வந்தீர்கள்?”

அன்று பகல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இதை அன்றே சொல்லியிருந்தால் நான் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டேனா?” என்று கேட்டு அழுதாள். அதற்கு என்னிடம் விடையில்லை.

அன்று மாலை கடைக்கு வந்த மலைவாழ் பெண் ஒருவர் தம் நெஞ்சுப் படபடப்பைப் பற்றித் தங்கையிடம் கூறிக்கொண்டிருந்தார். காற்று கருப்பு என்று ஊரில் சொல்கிறார்களாம். 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவர் ஊரில் பேசுவதற்குக் குன்றின்மேல் ஏற வேண்டும் என்றார். குன்றேறி நின்று கொண்டு ஒரு பெண் தன் அந்தரங்கத்தை எவ்வாறு பேசுவாள்? 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து வழக்கெடுத்தது. சாலையும் மருத்துவமும் எவ்வளவு தேவையோ, அலைவரிசையும் அவ்வளவு தேவை. மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் அறையும் ஒரு திரையும் வைத்து, மனநல மருத்துவர் வாரம் ஒருநாள் பேசுவாராயின் அவரைப் போன்றோர் குன்றேற வேண்டியதில்லை.

நம் சமுதாயத்திற்கு

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகையொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அச்சங்கிலி இரும்பால் ஆனது. வெட்கம், பழிச்சொல் என்னும் சங்கிலிகள் இன்றும் நம் வீடுகளில் உள்ளன. பின்னர் ஏர்வாடியில் தர்காவை அடுத்தே மருத்துவரும் அமர வழி செய்யப்பட்டது. குஜராத்தின் உனாவா தர்காவில் தொடங்கிய அம்முறைக்கு ‘தவா, துவா’ என்றே பெயர். மருந்தும் வேண்டும், பிரார்த்தனையும் வேண்டும் என்பது அதன் பொருள்.

இந்நோய் ஈமானின் குறைவன்று. யூசுஃப் (அலை) அவர்களை இழந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. அவர்களது ஈமானை எவரேனும் ஐயுற முடியுமா? மருந்து செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள்.

சில எச்சரிக்கைகளையும் கூறிவிடுகிறேன். முதன்முறை நெஞ்சுவலி வந்தால் பீதிநோய் என்று தாமே முடிவு கட்டாமல் 108ஐ அழையுங்கள். தற்கொலை எண்ணம் தலைதூக்கினாலோ, குடிப்பழக்கம் இருந்தாலோ, பிறர் கேளாத குரல்கள் காதில் ஒலித்தாலோ திரைச் சிகிச்சை மட்டும் போதாது; உடனே நேரில் செல்ல வேண்டும். காணொளியில் பேசுகின்றவர் பதிவுபெற்ற மருத்துவரா, மருத்துவ உளவியலாளரா என்று கேட்டறியுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. மருந்துக்கடையில் தாமாக வாங்கும் தூக்க மாத்திரை அடிமைப்படுத்திவிடும். பேசுகின்றவருக்கு வீட்டில் கதவடைத்த ஓர் அறையும் ஒருமணி நேரத் தனிமையும் தாருங்கள்; பெண்களுக்கு இது கட்டாயம் வேண்டும்.

முற்றிலும் நலமாகிவிட்டேன் என்று நான் பெருமை பேச மாட்டேன். மாத்திரை இன்னும் சிறிதளவில் தொடர்கிறது. எப்போதாவது தகரம் ஒலிக்கவும் செய்கிறது. ஆயினும் மாதம் ஒருமுறை வெள்ளிமலைப் பேருந்தில் ஏறுகிறேன். குறிப்பேட்டை அல்பல்கீ கூறிய மருந்துப் பெட்டியாகவே பையில் வைத்திருக்கிறேன்.

உங்கள் பள்ளிவாசலில், கதவருகே கடைசி ஸஃப்பில் எப்போதும் ஒருவர் நிற்பாராயின் அவரைக் கேலி பேசாதீர்கள். தொழுகை முடிந்ததும் அவருகே சென்று அமருங்கள். நலமா என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் அருள்வானாக. ஆமீன்.